ஒரு மணி நேரத்தில் 35% ஏறிய காயின்: ₹1 லட்சத்தோடு உள்ளே போய் வெளியே வருவது எப்படி?

சிவப்புகேண்டில்:

வணக்கம். திடீரென்று ஒரு காயின் பறக்கும்போது சில மணி நேரத்துக்கு மட்டும் உள்ளே போய் வெளியே வருவதைப் பற்றிக் கேட்கிறேன். நீண்டகால முதலீடு இந்தக் கேள்வியில் இல்லை.

நிலைமை இது: இந்திய எக்ஸ்சேஞ்ச், ரூபாய் ஜோடி, ஸ்பாட் (கடன் இல்லாமல் காயினையே வாங்கி விற்பது). கையில் ₹1,00,000. நடுத்தர அளவு ஆல்ட்காயின் (பிட்காயின் அல்லாத காயின்), ஒரு மணி நேரத்தில் ₹31-லிருந்து ₹42. ஆர்டர் புக்கில் (காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியல்) விற்பவர்கள் பக்கம் இப்படி இருக்கிறது:

₹42.00 – 300 காயின்
₹42.30 – 450
₹42.90 – 500
₹44.00 – 1,200

வாங்குபவர்கள் பக்கம் முதல் விலை ₹41.70. கட்டணம் 0.2%, அதன்மேல் ஜிஎஸ்டி.

மார்க்கெட் ஆர்டரா (கிடைத்த விலைக்கு), லிமிட்டா (நான் சொன்ன விலைக்குள் மட்டும்)? ஸ்டாப் (நஷ்டம் பெருகாமல் விற்றுவிடும் ஆர்டர்) எங்கே வைப்பது? ஒரே நாளில் நாலைந்து முறை உள்ளே வெளியே போய் 5% 5%-ஆக எடுத்தால் வரி போக மிஞ்சுமா? ஃபியூச்சர்ஸில் (காயினை வாங்காமல் அதன் விலைமேல் போடும் ஒப்பந்தம்) 10எக்ஸ், அதாவது பத்து மடங்கு போட்டால் 1% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) இல்லை என்கிறார்கள், அது சரியா?

அடுக்குவிலை:

புக்கை அப்படியே போட்டது நல்லது, அதை வெச்சே பார்ப்போம்.

₹1 லட்சத்துக்கு மார்க்கெட் பை அடிச்சா என்ன ஆகும்? முதல் 300 காயின் ₹12,600. அடுத்த 450-க்கு ₹19,035. அடுத்த 500-க்கு ₹21,450. மீதி ₹46,915 முழுசும் ₹44-ல போய் விழும், 1,066 காயின். மொத்தம் 2,316 காயின், சராசரி ₹43.17. திரையில ₹42-ன்னு பார்த்து அடிச்சீங்க, வாங்கினது 2.8% மேலே. அடுத்த நொடியே விற்கணும்னா முதல் விலை ₹41.70. ஆக விலை ஒரு பைசா இறங்காமலே குறைஞ்சது 3.4% போச்சு. நீங்க எடுக்கப் பார்க்கிறதே 5%.

அதனால லிமிட்தான். ஆனா ₹42-க்கு லிமிட் போட்டுட்டு உட்கார்ந்தா இன்னொரு சிக்கல் இருக்கு. ஏறுற காயின் உங்க ஆர்டரைத் தொடாம மேலே போயிடும். திரும்பி விழுறப்போதான் வந்து தொடும். அதாவது ஏற்றம் முடிஞ்ச நேரத்துல உங்க ஆர்டர் நிரம்பும். பம்ப்ல (இப்படித் திடீர்னு ஏறுற நேரத்துல) பழைய லிமிட் ஆர்டரை மறந்து விடுறவங்க அடிபடுறது இங்கேதான்.

சரியான வழி, விலையைக் கொஞ்சம் மேலே வெச்ச ஐஓசி லிமிட். ₹42.50-க்கு ஐஓசி போட்டா ₹42.00, ₹42.30 ரெண்டு அடுக்கும் கிடைக்கும்: 750 காயின், ₹31,635, சராசரி ₹42.18. மீதி தானா ரத்தாகும். உங்க ஆப்ல ஐஓசி இல்லைன்னா அதே விலையில சாதா லிமிட் போட்டு, பத்து விநாடியில நிரம்பாததைக் கையால ரத்து பண்ணுங்க. ₹1 லட்சம் இருக்கு, ₹31,000-க்குத்தான் கிடைச்சுதேன்னு துரத்தாதீங்க. அந்த நிமிஷத்துல அந்தப் புக் தாங்கின அளவு அவ்வளவுதான்.

அளவை முடிவு பண்ண வேண்டியது வாங்குபவர்கள் பக்கத்தைப் பார்த்து, ஏன்னா வெளியே போற வாசல் அதுதான். முதல் விலையிலிருந்து 1% கீழே வரைக்கும் எத்தனை காயினுக்கு ஆள் நிக்கிறாங்கன்னு கூட்டுங்க, அதுல கால் பங்குக்கு மேல வாங்காதீங்க. ஏறும்போது அந்தப் பக்கம் தடிமனாத் தெரியும். முதல் பெரிய சிவப்பு கேண்டில் (சார்ட்ல விலை இறங்கினதைக் காட்டுற பட்டை) வந்ததும் அந்த ஆர்டர்கள்ல பெரும் பகுதியைப் போட்டவங்களே எடுத்துடுவாங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி பார்க்க வேண்டியது ரூபாய் பிரீமியம். உலகச் சந்தையில அதே காயின் எத்தனை யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டி நிற்கிற காயின்), உங்க எக்ஸ்சேஞ்ச்ல ஒரு யுஎஸ்டிடி எத்தனை ரூபாய், ரெண்டையும் பெருக்குங்க. உதாரணமா 0.435 யுஎஸ்டிடி, ஒரு யுஎஸ்டிடி ₹92-ன்னா ₹40.02 வரணும். ரூபாய் ஜோடி ₹42 காட்டினா நீங்க 5% பிரீமியம் கொடுத்து வாங்குறீங்க. கூட்டம் கலைஞ்சதும் முதல்ல கரையுறது அந்த 5%தான். உலக விலை அசையாம நிக்கும், உங்க விலை இறங்கும். இந்த மாதிரி நேரத்துல எக்ஸ்சேஞ்ச் அந்தக் காயினோட டெபாசிட்டை நிறுத்தி வெச்சிருந்தா வெளியிலிருந்து காயின் கொண்டுவந்து விற்க யாராலும் முடியாது, பிரீமியம் இன்னும் வீங்கும். டெபாசிட் திறந்த உடனே சரியும். அறிவிப்புப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துட்டு ஆர்டர் போடுங்க.

கணக்குப்பிள்ளை:

நாலைந்து முறை 5% எடுக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். இதில்தான் பெரும்பாலானோர் கணக்குப் போடாமல் இறங்குகிறார்கள்.

இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, அதன்மேல் 4% செஸ், ஆக 31.2%. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க முடியாது. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயின் லாபத்தோடு கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் எடுத்துச் செல்ல முடியாது. 2022 ஜூலை 1 முதல் விற்கும் தொகையில் 1% டிடிஎஸ். லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் பிடிப்பார்கள்.

இப்போது ஐந்து டிரேடு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ₹1 லட்சம் போடுகிறீர்கள். மூன்றில் 5% லாபம், இரண்டில் 6% நஷ்டம். பம்ப் நேரத்தில் இது மோசமான முடிவே இல்லை. லாபம் ₹15,000, நஷ்டம் ₹12,000. நிகரம் ₹3,000 கையில் இருப்பது போலத் தோன்றும்.

வரி ₹15,000-க்கு: ₹4,680. கட்டணம் 0.2%, அதற்கு 18% ஜிஎஸ்டி சேர்த்து ஒரு பக்கம் 0.236%, போக வர ஏறத்தாழ ₹472, ஐந்து முறைக்கு ₹2,360. ஆக 3,000 − 4,680 − 2,360. ₹4,040 கைநஷ்டம். ஐந்தில் மூன்று சரியாகக் கணித்தும் இந்த நிலை.

டிடிஎஸ் செலவு அல்ல, வரியில் கழிந்துவிடும். இதே உதாரணத்தில் ₹5,03,000-க்கு விற்றதால் ₹5,030 பிடித்திருப்பார்கள். வரி ₹4,680 போக ₹350 திரும்ப வரும். ஆனால் அதுவரை பணம் உங்கள் கையில் இல்லை. ஒரே முதலைத் திரும்பத் திரும்பச் சுற்றினால் பத்துச் சுற்றில் 9.6%, ஐம்பது சுற்றில் 39% இப்படி முடங்கிவிடும்.

இதிலிருந்து நேராக ஒரு விஷயம் தெரிகிறது. 5% லாபம் வரி போக 3.44%தான். நஷ்டம் 6% என்றால் முழு 6%. கட்டணத்தையும் சேர்த்தால் இந்த விகிதத்தில் முதல் தேறவே நூற்றுக்கு 69 டிரேடு ஜெயிக்க வேண்டும். லாபம் 6%, நஷ்டம் 2% என்று அமைத்தால் நூற்றுக்கு 41 போதும். எனவே பம்ப் நாளில் ஒன்று அல்லது இரண்டு டிரேடு, நஷ்டத்தின் மூன்று மடங்கு லாபத்துக்கு இடம் இருந்தால் மட்டும். அந்த இடம் இல்லாத டிரேடை இந்த வரி அமைப்பில் எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

யுஎஸ்டிடி ஜோடி வழியாகப் போனால் இன்னும் கூடுதல். யுஎஸ்டிடி கொடுத்துக் காயின் வாங்கும்போது 1%, காயினை விற்று யுஎஸ்டிடி வாங்கும்போது 1%, யுஎஸ்டிடியை ரூபாயாக்கும்போது 1%. ஒரே டிரேடுக்கு மூன்று முறை. யுஎஸ்டிடியும் சட்டத்தின் பார்வையில் ஒரு கிரிப்டோ சொத்துதான்.

செய்திமுதல்:

மேலே இரண்டு பேரும் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. விட்டுப்போனது ஒன்று: அது ஏன் ஏறுகிறது என்று தெரியாமல் ஸ்டாப்பும் டார்கெட்டும் வைக்க முடியாது.

செய்தியால் ஏறினால் மூலத்தைப் பாருங்கள். 2023 ஜூலை 13 அன்று எக்ஸ்ஆர்பி வழக்கில் நியூயார்க் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அரை டாலருக்குக் கீழே இருந்த காயின் அன்றே ஏறத்தாழ இரு மடங்கானது. செய்தி உண்மை, தீர்ப்பின் நகலை யாரும் படிக்கலாம். அப்படியிருந்தும் உச்சத்தில் நிற்கவில்லை. ஆகஸ்ட் நடுவில் ஏறியது முழுவதும் கரைந்துவிட்டது. உண்மைச் செய்தியிலும் முதல் சில மணி நேரத்து உச்சத்தில் வாங்கியவருக்கு இதுதான் நடந்தது.

பொய்ச் செய்தி வேறு ரகம். 2024 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எக்ஸ் கணக்கையே யாரோ கைப்பற்றி, பிட்காயின் இடிஎஃப்களுக்கு (பங்கு போல வாங்கி விற்கும் நிதிகள்) அனுமதி கிடைத்ததாகப் பதிவிட்டார்கள். நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி அதிகாலை. பிட்காயின் 48,000 டாலரை நெருங்கியது. கால் மணி நேரத்தில் ஆணையத் தலைவர் மறுத்தார், விலை 46,000-க்குக் கீழே போனது. அதிகாரபூர்வக் கணக்கில் வந்தது என்பதே போதாது என்று காட்டிய நாள் அது. ஆணையத்தின் இணையதளத்தில் உத்தரவு ஏறியிருக்கிறதா என்று பார்த்தவர் தப்பினார். உண்மையான அனுமதி மறுநாள் வந்தது. அதன்பிறகு பிட்காயின் 49,000-ஐத் தொட்டு, இரண்டே வாரத்துக்குள் 40,000-க்குக் கீழே இறங்கியது.

எந்தச் செய்தியும் இல்லாமல் ஏறினால் பல நேரம் ஷார்ட் (விலை இறங்கும் என்ற பந்தயம்) போட்டவர்கள் மாட்டிக்கொண்டு திரும்ப வாங்குகிறார்கள். அதைக் கண்டுபிடிக்க ஓப்பன் இன்ட்ரஸ்ட் (இன்னும் மூடாத ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்களின் அளவு) பாருங்கள். விலை ஏறுகிறது, ஓப்பன் இன்ட்ரஸ்ட் இறங்குகிறது என்றால் பழைய ஷார்ட்கள் மூடப்படுகின்றன. அந்த எரிபொருள் தீர்ந்ததும் ஏற்றம் நின்றுவிடும், அங்கே புதிதாக வாங்க ஆள் இல்லை. விலையும் ஓப்பன் இன்ட்ரஸ்டும் சேர்ந்து ஏறினால் புதுப் பணம் வருகிறது. ஆனால் அது கடனில் வந்த லாங்காக (விலை ஏறும் என்ற பந்தயம்) இருந்தால் திரும்பும்போது வேகமும் அதிகம்.

புத்தம் புதிய மீம் காயின் என்றால் இது எதுவுமே பொருந்தாது. 2025 ஜனவரி 17 அன்று வந்த ட்ரம்ப் காயின் இரண்டே நாளில் 70 டாலரைத் தாண்டியது. 19-ஆம் தேதி மெலானியா காயின் வந்ததும் அதிலிருந்த பணம் இதற்குத் தாவி, விலை சட்டென்று சரிந்தது. மொத்தம் 100 கோடி காயினில் 80 கோடி வெளியிட்டவர்கள் தரப்பிலேயே இருந்தது. இப்படிப்பட்டதில் சார்ட் பார்ப்பதைவிட யாரிடம் எத்தனை காயின் இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

ஃபண்டிங்நேரம்:

ஃபியூச்சர்ஸ் கேள்விக்கு. காயின் கை மாறாத ஒப்பந்தம் என்பதால் பல தளங்கள் அதில் 1% பிடிப்பதில்லை, அது சரிதான். பிடிக்கவில்லை என்பதால் லாபத்துக்கு வரியே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தத் தலைப்பில் காட்டுவது என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

10எக்ஸ் என்றால் ₹10,000 மார்ஜினில் (நீங்கள் வைக்கும் பணம்) ₹1,00,000 பொசிஷன். பராமரிப்பு மார்ஜின் (குறைந்தபட்சம் மிஞ்ச வேண்டிய தொகை) 1% என்று வைத்தால் விலை ஏறத்தாழ 9% எதிராகப் போனதும் லிக்விடேஷன், அதாவது தளமே பொசிஷனை மூடிவிடும். ₹42-ல் லாங் எடுத்தால் ₹38.20 பக்கம். இந்தக் காயின் ஏறியது ₹11. அதில் ஐந்தில் இரண்டு பங்கு திரும்பினாலே ₹37.60. மேலே போகப்போகிற காயின்கூட நடுவில் இந்த அளவு இறங்கி ஏறுவது சாதாரணம். உங்கள் திசைக் கணிப்பு சரியாக இருந்தும் மார்ஜின் போய்விடும். 20எக்ஸ் என்றால் 4% போதும். இப்படிப்பட்ட காயினில் ஒரு நிமிடக் கேண்டிலின் கீழ் வாலே அவ்வளவு நீளம் வரும்.

அடுத்து ஃபண்டிங், அதாவது லாங், ஷார்ட் தரப்புகள் ஒன்றுக்கொன்று கட்டும் தொகை. பெரிய தளங்களில் பொதுவாக 8 மணி நேரத்துக்கு ஒருமுறை: நம் நேரம் காலை 5:30, மதியம் 1:30, இரவு 9:30. அமைதியான நாளில் 0.01% பக்கம் இருக்கும். எல்லோரும் லாங் போடும் நாளில் 0.1%, அதற்கு மேலும் போகும். இது மார்ஜினுக்கு அல்ல, முழுப் பொசிஷனுக்கு. ₹1,00,000-க்கு 0.1% என்றால் ₹100. உங்கள் ₹10,000-இல் அது 1%. கொதிக்கும் காயின்களில் 4 மணிக்கு ஒருமுறை, 1 மணிக்கு ஒருமுறை என்று இடைவெளியைச் சுருக்கவும் செய்வார்கள். ஆர்டர் பக்கத்தின் மேலே ஃபண்டிங் விகிதமும் மீதி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும், பார்த்துவிட்டு எடுங்கள். 9:28-க்கு லாங் எடுத்து 9:30-க்கு ஃபண்டிங் கட்டுவது வீண்.

ஸ்டாப்பை லாஸ்ட் பிரைஸுக்கு (அந்தத் தளத்தில் கடைசியாக விற்ற விலை) வைப்பதா மார்க் பிரைஸுக்கா (பல தளங்களின் விலையை வைத்துக் கணக்கிடுவது) என்று ஒரு தேர்வு இருக்கும். லிக்விடேஷன் நடப்பது மார்க் பிரைஸில். ஸ்டாப் லாஸ்ட் பிரைஸில் இருந்தால் ஒரே தளத்தில் வந்த ஒற்றை வாலில் வெளியேற்றப்படுவீர்கள். மார்க் பிரைஸில் வைத்தால் அந்த வால் தப்பும், ஆனால் உண்மையான சரிவில் கொஞ்சம் தாமதமாக வெளியே வருவீர்கள். மெலிந்த காயினில் நான் மார்க் பிரைஸைத்தான் சொல்வேன், லெவரேஜ் (மார்ஜினுக்கு எத்தனை மடங்கு பொசிஷன்) 3எக்ஸுக்குள் இருக்கும்வரை.

இறங்கும் என்று ஷார்ட் போட்டால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். 2025 அக்டோபர் 10 அன்று சீனப் பொருட்களுக்கு 100% வரி என்ற ட்ரம்பின் அறிவிப்புக்குப் பிறகு ஒரே நாளில் 1,900 கோடி டாலர் அளவுக்குப் பொசிஷன்கள் லிக்விடேட் ஆயின. எதிர்ப்பக்கத்தில் பணம் தீர்ந்துபோனதால் லாபத்தில் இருந்த ஷார்ட்களையே தளங்கள் தாமாக மூடின. ஒரு பக்கம் லாங், இன்னொரு பக்கம் ஷார்ட் என்று சமன் செய்து வைத்திருந்தவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் காணாமல் போனது.

சிவப்புகேண்டில்:

மிக்க நன்றி. ஃபியூச்சர்ஸை விட்டுவிடுகிறேன். ஸ்பாட்டில் ஸ்டாப் எப்படி என்று மட்டும் யாராவது எண்களோடு சொல்லுங்கள். இன்னொன்று, டெலிகிராமில் யுஎஸ்டிடி ஒரு ரூபாய் குறைவாகத் தருகிறார்கள். பிரீமியத்தைத் தவிர்க்க அது உதவுமா?

அடுக்குவிலை:

டெலிகிராம் வேண்டவே வேண்டாம். அந்த யுஎஸ்டிடி யாரையோ ஏமாத்தின பணத்துல வந்ததா இருந்தா, சைபர் கிரைம் புகார்ல அதோட தொடர்புள்ள கணக்குகளை வங்கி முடக்கலாம். ஒரு ரூபாய் மிச்சத்துக்குச் சம்பளக் கணக்கே மாசக்கணக்குல முடங்கலாம்.

ஸ்டாப்புக்கு வருவோம். 5 நிமிடக் கேண்டில் கடைசி பத்தை எடுத்து, ஒவ்வொண்ணுலயும் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சராசரி பாருங்க. ₹1.20 வந்தா அது 3%. அங்கே 1% ஸ்டாப் வெச்சா சும்மா மூச்சு விடுற அசைவுலயே அடிபடும். கடைசியா இறங்கி ஏறின இடத்துக்குக் கொஞ்சம் கீழே வைங்க. அது ₹40-ன்னா டிரிகர் (ஸ்டாப் ஆர்டர் கிளம்புற விலை) ₹39.80.

நிறைய இந்திய ஸ்பாட் தளங்கள்ல ஸ்டாப் லிமிட் மட்டும்தான் இருக்கு. டிரிகர் ₹39.80, லிமிட் ₹39.75-ன்னு ஒட்டி வெச்சா விலை ஒரே தாவலா ₹39.40-க்குப் போறப்போ ஆர்டர் நிரம்பாம அங்கேயே நிக்கும், காயின் ₹36-க்குப் போயிடும். லிமிட்டை 2% கீழே, ₹39.00-ல வைங்க. ₹39-க்கே விற்கும்னு அர்த்தமில்ல, அதுக்கு மேலே கிடைக்கிற நல்ல விலையில விற்கும்.

இப்போ அளவு. ஒரு டிரேடுல ₹1,000-க்கு மேல போகக் கூடாதுன்னு வைப்போம். வாங்கினது ₹42.18, ஸ்டாப் ₹39.80, வித்தியாசம் ₹2.38. நழுவுறதுக்கு ₹0.40, போக வரக் கட்டணம் ₹0.20. ஒரு காயினுக்கு மொத்தம் ₹2.98. ₹1,000-ஐ வகுத்தா 335 காயின், சுமார் ₹14,100. உங்ககிட்ட ₹1 லட்சம் இருந்தாலும் இந்த டிரேடுக்கு ₹14,100தான்.

இதை கணக்குப்பிள்ளை சொன்ன மூணு மடங்கோட பொருத்துங்க. ₹2.98-க்கு மூணு மடங்குன்னா ₹51 தாண்டணும். ஒரு மணி நேரத்துல ₹31-ல இருந்து வந்த காயின் இன்னும் ₹9 போகுமான்னு கேட்டா, ₹42-ல இந்த டிரேடை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். ₹40 பக்கம் இறங்கி, வால்யூம் வத்தி, அங்கே நின்னு திரும்பினா ஸ்டாப் கிட்ட வரும். அப்போ எடுக்கலாம். இறங்காமலே போயிட்டா விட்டுடுங்க.

விற்க வைக்கிற விலையை ₹45, ₹50-ன்னு முழு எண்ல வைக்காதீங்க, எல்லார் ஆர்டரும் அங்கேதான் வரிசையில நிக்கும். ₹44.85, ₹49.80-ன்னு முன்னாடி நில்லுங்க. இன்னொரு நடைமுறைச் சிக்கல்: ஸ்டாப் லிமிட் போட்டதும் அந்தக் காயின் லாக் ஆயிடும், அதே காயினுக்கு மேலே டார்கெட் ஆர்டர் போட முடியாது. ஓசிஓ ஆர்டர் இருந்தா ரெண்டையும் ஒண்ணா வைக்கலாம். இல்லைன்னா ஸ்டாப்பை மட்டும் ஆர்டராப் போட்டு, டார்கெட்டுக்கு விலை அலாரம் வைங்க.

கணக்குப்பிள்ளை:

அந்தப் ₹14,100 டிரேடானாலும் பதிவு வேண்டும். ரிட்டர்னில் விடிஏ (கிரிப்டோ சொத்து) அட்டவணை என்று தனியாக இருக்கிறது. ஒவ்வொரு விற்பனைக்கும் வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, விற்ற விலை நான்கும் கேட்கும். ஒரே ஆர்டர் புக்கில் மூன்று அடுக்கில் நிரம்பினால் எக்ஸ்சேஞ்ச் அறிக்கையில் மூன்று வரியாக வரும். டிரேடு அறிக்கையை மாதம் ஒருமுறை பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த டிடிஎஸ் வருமான வரித் தளத்தின் 26ஏஎஸ் அறிக்கையில் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள். ஏறாத டிடிஎஸ்ஸை வரியில் கழிப்பதில் சிக்கல் வரும்.